40 ரூபாய் பேட்டரிக்கு 10,600 ரூபாய் பில்: ‘ஹார்ட் டிஸ்க் காலி’ என்றதும் தலையாட்டாதீர்கள்

ஒரு ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடையின் கம்ப்யூட்டர் இது. ரெஃபர்பிஷ்டு (பழையதைச் சீர்செய்து விற்கும்) ஆபீஸ் டெஸ்க்டாப், 4-ம் தலைமுறை ஐ5, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. தீபாவளிக்கு நாலு நாள் கடை பூட்டியிருந்தது. திறந்து சிஸ்டத்தைப் போட்டால் விண்டோஸ் லோகோ வருகிறது, நீலத் திரை வருகிறது, தானே ரீஸ்டார்ட் ஆகிறது. திரையின் அடியில் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று ஒரு வரி.

சர்வீஸ் சென்டரில் அந்த வரியையே சாட்சியாகக் காட்டினார்கள். “ஹார்ட் டிஸ்க் காலிண்ணே, ஸ்கிரீன்லயே போட்டிருக்கு பாருங்க.” புது டிஸ்க் 2,800, டேட்டா ரெகவரி 6,500, விண்டோஸ் போட 800, சர்வீஸ் சார்ஜ் 500. மொத்தம் 10,600 ரூபாய், ஒரு துண்டுச் சீட்டில். பழைய டிஸ்க்கைத் தங்களிடமே விட்டால் 300 ரூபாய் குறைப்பதாகவும் சொன்னார்கள். பணத்தைக் கட்டிய ஜெராக்ஸ் கடைக்காரர், நல்லவேளை, பழைய டிஸ்க்கை விடவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது அதே நீலத் திரை. இந்த முறை, “மதர்போர்டு போயிருச்சு, 4,500 ஆகும்” என்றார்கள். அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

நடந்தது இவ்வளவுதான். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடத் தடித்த சிஆர்2032 பேட்டரி ஒன்று உண்டு. நல்ல நிலையில் 3 வோல்ட் காட்டும். இதில் மல்டிமீட்டர் காட்டியது 2.1. தினமும் ஷட்டவுன் மட்டும் செய்து யூபிஎஸ்ஸை அணைக்காமல் போகும்வரை சிக்கல் இல்லை. எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை கொடுக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்டே பயாஸ் (விண்டோஸ் வரும் முன்பே மெஷினைத் தயார்செய்யும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கைக் காப்பாற்றிவிடும். விடுமுறைக்கு மெயினையே அணைத்தால் பேட்டரி மட்டும்தான் துணை. அது செத்திருந்ததால் தேதி பல வருடம் பின்னே போனது. கூடவே டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறையான சாட்டா மோட், ஏஹெச்சிஐ-யிலிருந்து ஃபேக்டரி செட்டிங்கான ரெய்டுக்குத் திரும்பிவிட்டது. பல பிராண்டட் ஆபீஸ் மெஷின்களில் ஃபேக்டரி செட்டிங் ரெய்டுதான். ரெஃபர்பிஷ் செய்பவர்கள் ஏஹெச்சிஐ-க்கு மாற்றி விண்டோஸ் போட்டு விற்கிறார்கள்.

ஏஹெச்சிஐ-யில் போட்ட விண்டோஸ், பூட் ஆகும்போது அந்த முறைக்கான டிரைவரைத்தான் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) ஏற்றும். ரெய்டு மோடில், டிஸ்க்கைக் கையாளும் கன்ட்ரோலர் அதற்கு வேறொரு சாதனமாகத் தெரியும். டிரைவர் பொருந்தாது, டிஸ்க்கைத் தொட முடியாது, நீலத் திரையில் அந்த ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ பிழை (எண் 0x7பி). இன்டெல் 11-ம் தலைமுறை முதலான லேப்டாப்களில் விஎம்டி என்ற செட்டிங் மாறினாலும் இதே கூத்துதான்.

கொஞ்சம் யோசித்தால் இன்னொன்றும் புரியும். அந்த விண்டோஸ் லோகோவும் நீலத் திரையும் எங்கிருந்து வந்தன? அதே டிஸ்க்கில் இருந்த ஃபைல்களைப் படித்துத்தான் வந்தன. அடியோடு செத்த டிஸ்க் லோகோவரைகூட வராது; ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று கறுப்புத் திரையில் நின்றுவிடும். அரைகுறையாகப் பழுதான டிஸ்க்கும் நீலத் திரை தரலாம் என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்ல, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் ரிப்போர்ட் வேண்டும், திரையில் இருக்கும் ஒரு வரி போதாது.

பழைய டிஸ்க்கை மாட்டி, பயாஸில் சாட்டா மோடை ஏஹெச்சிஐ ஆக்கியதும் பழைய வால்பேப்பரோடு விண்டோஸ் வந்து நின்றது. 40 ரூபாய்க்குப் புது பேட்டரி, பத்து நிமிட வேலை.

அப்படியானால் 6,500 ரூபாய்க்கு என்ன ரெகவரி செய்தார்கள்? ஃபோல்டர்கள், ஃபைல் பெயர்கள் எதுவும் குலையவில்லை, ஒரு ஃபைல்கூட விடுபடவில்லை. 180 ஜிபி டேட்டாவை ஆரோக்கியமான டிஸ்க்கிலிருந்து நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எடுத்தால் அரை மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். இதற்குப் பெயர் காப்பி, ரெகவரி இல்லை.

அந்தப் ‘புது’ டிஸ்க் தனிக்கதை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், ஓடிய நேரம் 26,914 மணி. ஒரு வருடத்துக்கு 8,760 மணிதான். ஆக, மூன்று வருடத்துக்கும் மேல் இரவு பகலாக எங்கோ ஓடிய டிஸ்க். பழைய சிசிடிவி டிவிஆரிலிருந்து கழற்றியது என்பது என் ஊகம். கடையின் வாரண்டி ஸ்டிக்கரைத் தயாரிப்புத் தேதியின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். ஸ்டிக்கரை உரிக்க வேண்டிய அவசியமே இல்லை, சாட்டா கனெக்டரின் தங்க நிறப் பட்டைகளைச் சாய்த்துப் பார்த்தாலே போதும். பலமுறை செருகி எடுத்த கீறல்கள் கோடு கோடாகத் தெரியும். மணிக் கணக்கையே பூஜ்யமாக்கி விற்பவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் ஐரோப்பாவில் சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் இப்படிப் பிடிபட்டன. ஸ்மார்ட் எண்களை அழித்திருந்தாலும் ஃபார்ம் என்ற உள்பதிவில் பழைய மணிக்கணக்கு அப்படியே இருந்தது.

சிஸ்டம் பூட் ஆகவில்லை என்றால் கடைக்குத் தூக்கும் முன் முதலில் பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள். பிறகு ஹார்ட் டிஸ்க்கின் மாடல் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டிஸ்க்குக்கு உயிர் இருக்கிறது. சாட்டா மோட், பூட் ஆர்டர், லெகஸி என்ற பழைய பூட் முறையா யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையா என்ற மூன்றையும் சரிபாருங்கள். மறந்துபோய் விட்ட பென் டிரைவ் ஒன்று பின்னால் செருகியிருந்தாலும் பூட் ஆகாமல் போகலாம், சிரிக்காதீர்கள்.

மாடல் பெயரே தெரியாவிட்டால் பவர் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திவிட்டு, சாட்டா டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். போர்டில் வேறு போர்ட்டும் வேறு கேபிளும் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பில் டிஸ்க்குக்குப் போகும் பட்டை கேபிள் கீழே விழுந்த அதிர்ச்சியில் கழன்றிருக்கலாம்.

டிஸ்க் தெரிந்தும், செட்டிங் சரியாக இருந்தும் பூட் ஆகவில்லை என்றால் பூட் ஃபைல்கள் கெட்டிருக்கலாம். 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவியால் விண்டோஸை ஏற்றி, ரிப்பேர் பகுதியில் ஸ்டார்ட்டப் ரிப்பேர் ஓட்டுங்கள். அது முடியாவிட்டால் பிசிடிபூட் கட்டளையால் பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதலாம், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. ஃபிக்ஸ்பூட் கட்டளைக்கு ‘ஆக்சஸ் டினைட்’ என்று பதில் வருவது யூஇஎஃப்ஐ மெஷின்களில் சகஜம். அதைக் காட்டி “டிஸ்க் லாக் ஆயிருச்சு” என்பவரிடமிருந்து மெஷினை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் நாலு வரி போதும். 05, சி5, சி6 ஆகியவற்றின் எண்கள் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் தட்டில் பழுது, மாற்றத்தான் வேண்டும். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. 100 ரூபாய் கேபிளோடு வேலை முடியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எண்களைப் பதினாறடிமானத்தில் (எழுத்துகளும் கலந்த எண்முறை) காட்டும், பார்த்துப் பதறாதீர்கள். மெனுவில் தசம எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸே வராதபோதும் டெல் மெஷினில் எஃப்12, ஹெச்பியில் எஃப்2 அழுத்தினால் ஹார்ட் டிஸ்க் டெஸ்ட் கிடைக்கும்.

டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சீராகத் தட்டினால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். உடனே கரண்டை நிறுத்துங்கள். அந்த நிலையில் செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளை) ஓட்டுவது உள்ளதையும் கெடுக்கும். “போர்டு மாத்தினா ஓடும்” என்பதையும் நம்பாதீர்கள். இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள சிப்பிலேயே இருக்கின்றன; அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்றாமல் வேறு போர்டு பொருந்துவது அபூர்வம்.

லேப்டாப்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பயாஸ் செட்டிங் மாறினால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். போனில் லாகின் செய்து பார்க்கலாம். “ஃபார்மேட் பண்ணாத்தான் ஓடும்” என்று கடைக்காரர் சொன்னதும் சரி என்றுவிட்டால் டேட்டா போனது போனதுதான்.

கடையில் விட்டே ஆக வேண்டும் என்றால், டிஸ்க்கின் மாடலையும் சீரியல் நம்பரையும் படம் எடுத்துவிட்டு, ஜாப் கார்டில் அந்த நம்பரை எழுதச் சொல்லுங்கள். கூடவே இரண்டு வரி: ‘கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது. கழற்றிய பாகம் திருப்பித் தர வேண்டும்.’ டிஸ்க் போய்விட்டது என்றால் உங்கள் கண் முன்னால் யூஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் கருவி) மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். அதற்கு மழுப்புகிற கடையில் மெஷினை விடாதீர்கள்.

ஏமாந்தபின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

இந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம் இருந்தவை ஒரு துண்டுச் சீட்டு, ஜிபே பதிவு, 26,914 மணி காட்டும் ஸ்கிரீன்ஷாட். அவற்றைக் காட்டியதும் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு 2,800 ரூபாயைக் கொடுத்துவிட்டார்கள். 6,500-க்கு மட்டும் “வேலை பார்த்தோம்ல” என்பதே பதில். அதற்கான புகார் 1915-ல் பதிவாகியிருக்கிறது.