லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்-ஏ ஆன்டிபாடி: 8 மாதம் கையாண்ட அனுபவம்

குளிர்ப் பைகள் அடுக்கிய தெர்மாகோல் பெட்டிக்குள் சுண்டுவிரல் நுனியளவு குப்பி. உள்ளே 100 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி, அதாவது லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்-ஏ என்ற நொதியைத் தேடிப் பிடிக்கும் புரதம், முயலில் உருவாக்கியது. எங்கள் ஆய்வகத்துக்கு இது பெரிய செலவு.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனைக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். 1000 மடங்கு நீர்த்தாலும், ஹீலா என்ற மனிதப் புற்றுசெல்களின் சாற்றில், இந்தப் புரதத்தின் எடையான 37 கிலோடால்டன் அருகே ஒரே பட்டை, பிசிறில்லாமல் விழுகிறது. இந்த நொதிக்கு ஏ, பி என்று நெருங்கிய இரண்டு வடிவங்கள் உண்டு. முன்பு வாங்கிய ஆன்டிபாடி இரண்டையும் பிடித்து என் நான்கு மாத உழைப்பைக் கெடுத்தது. இதில், ஏ மரபணுவை அடக்கிய செல்களில் பட்டை மறைந்தது. அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

குறை வேறிடத்தில். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் புற்றுக்கட்டிகள் குளுக்கோஸை லாக்டேட்டாக்கித் தள்ளுவதை ஓட்டோ வார்பர்க் 1920-களில் காட்டினார். அதன் கடைசிப் படி இந்த நொதியின் வேலை. உயிருள்ள செல்களிலும் பயன்படும் என்று விற்பனைக் குறிப்பு சொன்னதை நம்பி, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் செல் வளர்க்கும் தட்டில், 100 மைக்ரோலிட்டர் ஊடகமுள்ள (ஊட்டத் திரவமுள்ள) குழிகளில் பத்துப் பத்து மைக்ரோலிட்டர் விட்டார். லாக்டேட்டோடு அமிலமும் சேர்ந்தால் ஊடகம் மஞ்சளாகும்; நொதி தடைபட்டால் அமிலம் குறையும், ஊடகம் சிவப்பாகவே நிற்கும் என்பது அவர் கணக்கு. மறுநாள் காலை அந்தக் குழிகள்தான் முதலில் மஞ்சளாகியிருந்தன.

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். காரணம் குப்பியோடு வந்த துண்டுச்சீட்டின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது: கெடாமலிருக்க 0.09% சோடியம் அசைடு. அது மைட்டோகாண்ட்ரியாவில், செல் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியை முடக்கும். மூச்சு அடைபட்ட செல் குளுக்கோஸை இன்னும் வேகமாக லாக்டேட்டாக்கும். அசைடை மட்டும் விட்டுப் பார்த்தோம், அதே மஞ்சள். டயாலிசிஸ் செய்து (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வு வழியே) அசைடை நீக்கிய ஆன்டிபாடியை விட்டோம், எதுவும் சேர்க்காத குழிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஆன்டிபாடி சுமார் 150 கிலோடால்டன். நொதியோ சைட்டோபிளாசத்துக்குள். செல்சவ்வைத் தாண்டி அது எப்படிப் போகும்?

கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9 போல, செல்லுக்கு வெளியே முகம் காட்டும் நொதிகளை ஆன்டிபாடி எட்டிப் பிடிக்கும். அந்த வேலைக்கு வாங்குபவர்களும் அசைடு இல்லாத குப்பியைக் கேட்டு வாங்குங்கள். அசைடின் அளவைக் குப்பியின் மேலேயே அச்சிடும்படி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு அடுத்த குப்பியும் இதுவேதான், ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.