கிளிப் போட்ட பல்லுல வெள்ளைத் திட்டு: வார்னிஷா மவுத்வாஷா, ரெசினா தேய்ச்சு எடுக்கிறதா?

எனக்கு கிளிப்ப கழட்டின அன்னிக்கு கண்ணாடில பாத்தா பல்லு என்னமோ நேரா வந்துடுச்சு, ஆனா பிராக்கெட் (கம்பிய பிடிக்க பல்லுல ஒட்டுற குட்டி சதுரத் துண்டு) ஒட்டியிருந்த சதுரம் மட்டும் பழைய கலர்ல இருக்கு, சுத்தி சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை, சுவத்துல வருஷக்கணக்கா தொங்கின காலண்டர எடுத்தா தெரியுமே அது மாதிரி. கிளிப் போட்டு விட்ட கிளினிக்குல இப்படி வரும்னு ஒரு வார்த்தை சொல்லல. இப்ப அண்ணன் பொண்ணுக்கு பாண்டில போட்டிருக்கோம், மாசாமாசம் கடலூர் மஞ்சக்குப்பத்துலருந்து பஸ்ல கூட்டிட்டு போறது நான்தான், அதனால இந்த தடவ எல்லாத்தையும் கேட்டு வெச்சிருக்கேன்.

விஷயம் இதான். பிராக்கெட்ட சுத்தி படியிற மாவு மாதிரி அழுக்குல இருக்கிற கிருமி சர்க்கரைய தின்னு ஆசிட் விடும், பிஹெச் (ஆசிட் அளவு, எண் குறைய குறைய ஆசிட் ஜாஸ்தி) 5.5க்கு கீழ இறங்கினா பல்லோட மேல் ஓடான எனாமல்லருந்து கால்சியம் கரைய ஆரம்பிச்சுடும். 4 வாரத்துலயே திட்டு வந்துடலாம்.

தடுக்கிறதுக்கு ஃப்ளோரைடு மவுத்வாஷ், ஃப்ளோரைடு வார்னிஷ்னு ரெண்டு இருக்கு. மவுத்வாஷ் 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு, தினமும் கொப்பளிக்கணும், விலை கம்மி, ஆனா அந்த "தினமும்" தான் இடிக்குது, 13 வயசு பிள்ளை நாலு நாள் பண்ணும், அஞ்சாவது நாள் பாட்டில் பாத்ரூம் ஜன்னல்ல தூசி படிஞ்சு நிக்கும். வார்னிஷ்ல சோடியம் ஃப்ளோரைடு 5 சதவீதம், அதாவது ஃப்ளோரைடு 22,600 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்கு), நம்ம பேஸ்ட்டு சுமார் 1000 தான். டாக்டரே பிரஷ்ல தடவி விட்டுடுவாங்க, எச்சில் பட்டதும் இறுகிடும். சில பிராண்டுல அன்னிக்கு முழுக்க பல்லு மஞ்சளா தெரியும், "சித்தப்பா இப்படியே எப்படி ஸ்கூலுக்கு போறது"ன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் புலம்பினா. சொன்ன பேச்சு கேக்காத பிள்ளைக்கு என் ஓட்டு வார்னிஷுக்குதான். அதுக்காக பிரஷ் பண்றத விட்டுட முடியாது, கம்பிக்கு அடியில விடுற குட்டி பிரஷ் வேணும்.

பால் புரதத்துல பண்ற மூஸ் கிரீமும் இருக்கு, ஃப்ளோரைடு பேஸ்ட்டோட கூட வெச்சுக்கலாம், அதுக்கு பதிலா இல்ல, பால் அலர்ஜின்னா தொடவே கூடாது.

ஏற்கனவே திட்டு வந்தவங்க அவசரப்படாதீங்க. கழட்டினப்புறம் சில மாசம் எச்சிலும் சாதா பேஸ்ட்டுமே கொஞ்சம் சரி பண்ணும். நான் பண்ணின தப்பு, உடனே ஸ்ட்ராங் ஃப்ளோரைடு கேட்டு வாங்கினது, அது எனாமலோட மேல் தோல மூடிட்டா உள்ள வெள்ளை அப்படியே தங்கிடலாமாம்.

அப்புறமும் போகலன்னா ஆசிட்டும் பொடியும் கலந்து தேய்க்கிற மைக்ரோ அப்ரேஷன் ஒண்ணு, ரெசின்னு பிளாஸ்டிக் மாதிரி இறுகுற திரவத்த திட்டுக்குள்ள இறக்குறது இன்னொண்ணு. தேய்க்கிறதுல மேல இருக்கிற எனாமல் கொஞ்சம் போகும், மேலாப்புல இருக்கிற திட்டு, பிரவுன் கறைக்கு போதும். ஆழமா இருந்தா ரெசின்தான் மேல்: ஆசிட் ஜெல் 2 நிமிஷம், கழுவி, ஆல்கஹால்ல காய வெச்சு, தண்ணி மாதிரி ரெசின விட்டா, கால்சியம் கரைஞ்ச இடத்துல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்குள்ள தானா இறங்கும், லைட் அடிச்சு இறுக்கிடுவாங்க, டிரில்லே கிடையாது. எனக்கு காத்து ஊதி காட்டினாங்க, காஞ்சதும் திட்டு இன்னும் பளிச்சுனு வெள்ளையாச்சு, ஓட்டைக்குள்ள காத்து நின்னா வெளிச்சம் சிதறுதாம், ரெசின் போனா எனாமலோட ஒத்துப்போகுது. 4 பல்லு ஒரே சிட்டிங்ல முடிஞ்சுது, கோரைப்பல்லு ஈறு ஓரம் மட்டும் லேசா இன்னும் தெரியுது. குழி விழுந்துட்டா ரெண்டுமே உதவாது, அடைக்கணும்.

இவளுக்கு கடலைமிட்டாய் கட், பண்ருட்டி பலாச்சுளையும் கிளிப்புல ஒட்டிக்கும்னு சீசன் முழுக்க சண்டை. செக்கப் முடிஞ்சதும் ரோஸ் மில்க் மட்டும் வாங்கித் தர்றேன், ஆனா பஸ்ல கடலூர் வரைக்கும் உறிஞ்சிட்டே வர்ற கதை கிடையாது, கடை வாசல்லயே குடிச்சுட்டு தண்ணி ஊத்தி கொப்பளிச்சாதான் பஸ் ஏறலாம்.