வீட்டுச் சத்தத்தில் கிட்டார்: மூன்று சின்ன ஆம்ப்களோடு சில வருடங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் பழக ஒரு சின்ன ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ‘எத்தனை வாட்?’ என்றுதான். வீட்டில் வாசிக்கிறவருக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். அடுக்குமாடி வீட்டில், பக்கத்து அறையில் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு வாட்டைக்கூட முழுசாகத் திறந்து வாசிக்க முடியாது. டிவியை அடக்கமாக வைத்துக் கேட்கிற சத்தத்தில் இந்த ஆம்ப் எப்படி ஒலிக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10, பாஸ் கட்டானா மினி, யமஹா டிஹெச்ஆர்10-II. இந்த மூன்றையும் வீட்டில் வைத்துச் சில வருடங்களாக மாற்றி மாற்றி வாசிக்கிறேன். மூன்றையும் நான் எடைபோடுவது அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

சத்தத்தைக் குறைத்தால் கிட்டார் சவசவ என்று ஆகிவிடுவதற்குக் காரணம் பாதி நம் காதிலேயே இருக்கிறது. சத்தம் குறையக் குறைய, கீழ்ஸ்தாயி ஒலிகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் காதிலிருந்து நழுவுகின்றன. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி ஒலிப்பது 82 ஹெர்ட்ஸில். கையகல ஸ்பீக்கர் அந்த அலைவரிசையைத் தெம்பாகத் தள்ளாது. சத்தத்தையும் குறைத்துவிட்டால் காதும் கைவிடுகிறது. கடையில் சத்தமாக வாசித்துப் பார்த்தபோது பிரமாதமாக இருந்த ஆம்ப் வீட்டுக்கு வந்ததும் மெலிந்து கேட்பது இதனால்தான். வாங்கப் போகிற இடத்தில் வால்யூமைக் குறைத்து, அமைதியான மூலையில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

பாத்ஃபைண்டர் 10 எளிமையான ஆம்ப். கெயின் (உள்ளே வரும் ஒலியை எவ்வளவு ஏற்றுவது), ட்ரெபிள், பேஸ், வால்யூம் என்று நான்கு நாப், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவுக்கு ஒரு ஸ்விட்ச், 6.5 அங்குல ஸ்பீக்கர். அவ்வளவுதான். மூன்றில் பெரிய ஸ்பீக்கர் இதற்குத்தான் என்பதால் சுத்தமான டோனில் கார்டு வாசிக்கும்போது ஒலிக்கு ஓர் உடம்பு இருக்கிறது. விரல் சரியாக அழுத்தாத கம்பி எது, பிக் (மீட்டும் தகடு) எங்கே தடுமாறியது என்று ஒளிக்காமல் காட்டிவிடும். பழக ஆரம்பிக்கிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பது என் எண்ணம். ஆனால் போனை இணைக்க ஆக்ஸ் இன்புட் இல்லை; பாட்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் பாட்டுக்குத் தனி ஸ்பீக்கர் வைக்க வேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் ஓடாது. ஓவர்டிரைவும் குறைந்த சத்தத்தில் எனக்கு ஒட்டவில்லை. சுத்தமான டோனுக்கு மட்டுமே எடுக்கிறேன்.

அதிகம் கைக்கு வருவது கட்டானா மினிதான். 7 வாட், 4 அங்குல ஸ்பீக்கர், ஆறு பென்சில் பேட்டரி. ஏழு மணி நேரம் ஓடும் என்று கம்பெனி சொல்கிறது. பவர் பாயிண்ட் தேட வேண்டாம். கட்டிலிலோ மொட்டை மாடியிலோ வைத்துவிட்டு கேபிளைச் செருகினால் போதும். பத்து நிமிடம் கிடைத்தாலும் வாசித்துவிடலாம் என்ற இந்த வசதி, டோனைவிட என் பயிற்சிக்கு அதிகம் உதவியிருக்கிறது.

சுத்தமான க்ளீன், லேசாகக் கரகரக்கும் க்ரஞ்ச், கனமாகக் கரகரக்கும் பிரவுன் என்று மூன்று வகை டோன். பேஸ், மிடில், ட்ரெபிள் தனித்தனி. கெயின் பகுதி அனலாக் சர்க்யூட் என்பதால் கிட்டாரில் உள்ள வால்யூம் நாபைக் கொஞ்சம் குறைத்தாலே டிஸ்டார்ஷன் (அந்தக் கரகரப்பு) தணிந்து ஒலி சுத்தமாகிறது. விரலின் அழுத்தத்துக்கும் இணங்குகிறது. ரிவெர்ப் (பெரிய அறையில் கேட்கும் முழக்கம்) கிடையாது. டிலே (எதிரொலி) உண்டு, அதன் நேரத்தைச் சுருக்கி லெவலையும் குறைத்து வைத்தால் ரிவெர்ப் இல்லாத குறை பெரும்பாலும் தெரியாது. அடாப்டர் பெட்டியில் வராது. தனியாக வாங்கும்போது 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் என்பதைப் பார்த்து வாங்குங்கள். மலிவான அடாப்டரைப் போட்டால் வாசிப்புக்குப் பின்னால் மெல்லிய கீச்சொலி ஓடிக்கொண்டே இருக்கும்.

யமஹா இந்த டிஹெச்ஆர் வரிசையை 2011-ல் கொண்டுவந்தபோது ‘மூன்றாவது ஆம்ப்’ என்று சொன்னது. மேடைக்கு ஒன்று, ஸ்டுடியோவுக்கு ஒன்று, வீட்டுக்கென்றே மூன்றாவதாக ஒன்று. குறைந்த சத்தத்தில் நிறைவாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே இதை உருவாக்கினார்கள், அது கேட்கவும் செய்கிறது. இதில் மாஸ்டர் ஒரு நாப், கிட்டார் வால்யூம் வேறு நாப். கெயினையும் மாஸ்டரையும் தாராளமாக ஏற்றி வால்வ் (வெற்றிடக் குழாய்) வைத்த பழைய வகை ஆம்ப் திணறுகிற அந்த டோனைப் பிடித்துக்கொண்டு, அறையில் கேட்கும் சத்தத்தை மட்டும் கடைசி நாபில் அடக்கலாம். 8 சென்டிமீட்டர் ஸ்பீக்கர் இரண்டு, ஸ்டீரியோ. ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்காது.

கமகம் பிடித்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒரே மீட்டலில் கம்பியை இழுத்து இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட வேண்டியிருக்கும்போது, சுத்தமான டோனில் பாதி வழியிலேயே நாதம் செத்துவிடும். மேடையில் பெரிய ஆம்பின் சத்தமே கம்பியைத் தாங்கிப் பிடிக்கும். வீட்டில் அந்த உதவி கிடையாது. டிஹெச்ஆரில் க்ரஞ்ச் டோனில் கெயினைக் கொஞ்சமாக வைத்து, அதற்கான போன் செயலியில் உள்ள கம்ப்ரெஸரையும் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவது) சேர்த்தால் நாதம் நீண்டு நிற்கிறது. போனிலிருந்து தம்புரா சுருதியை ப்ளூடூத்தில் அதே ஸ்பீக்கர்களில் ஓடவிட்டு, கிட்டாருக்கும் சுருதிக்கும் தனித்தனியாக வால்யூம் வைத்துக்கொள்ளலாம். தோடியோ பைரவியோ எடுத்துப் பழகுகிறவர்களுக்கு இது ஒன்றுக்காகவே டிஹெச்ஆரைச் சொல்வேன்.

இதற்கும் குறைகள் உண்டு. மூன்றில் விலை கூடியது இதுதான். சாதா மாடலில் பேட்டரி இல்லை. ஒயர்லெஸ் மாடலில்தான் உண்டு. கம்ப்ரெஸர், நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது) போன்றவை பேனலில் இல்லை, செயலிக்குள் போக வேண்டும். பழக உட்கார்ந்தவர் போனைக் கையில் எடுத்தால் அந்த நேரம் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பிடித்த டோனை மெமரியில் போட்டுவிட்டு, பட்டனை அழுத்தினோமா வாசித்தோமா என்று இருப்பதே எனக்குச் சரிப்படுகிறது.

ப்ளூடூத் பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்றில் டிஹெச்ஆரில் மட்டும் இருக்கும் இது, போனில் ஓடும் பாட்டை வாங்கி ஒலிப்பதற்கும் செயலியை இணைப்பதற்கும்தான். கிட்டார் ஒலியைச் சாதாரண ப்ளூடூத் இயர்போனில் கேட்க முயன்றால், மீட்டியதற்கும் கேட்பதற்கும் இடையே தாளம் குலைகிற அளவு தாமதம் வரும். ஒயர் உள்ள ஹெட்போனே சரி. ஹெட்போன் ஜாக்கையும் சோதித்து வாங்குங்கள். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை இயல்பாகவே மழுக்கிவிடும். ஹெட்போன் அப்படிச் செய்யாது. ஸ்பீக்கர் கேபினெட்டின் குணத்தைச் செயற்கையாகச் சேர்க்காத ஆம்பில் ஹெட்போனைப் போட்டு டிஸ்டார்ஷன் வைத்தால் காதுக்குள் வண்டு குடைவது போல இருக்கும்.

சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை ஒரே சுருளால் வாங்கும் பகுதி) உள்ள கிட்டார் என்றால் எந்த ஆம்பிலும் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கொஞ்சம் வரும். பழைய ட்யூப்லைட் சோக்குக்கும் இன்வெர்ட்டருக்கும் பக்கத்தில் உட்காராதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரைத் திருப்பிப் பார்த்தால் ரீங்காரம் வெகுவாகக் குறைகிற ஒரு திசை கிடைக்கும்.

பழைய ஆம்ப் வாங்குவதானால், கடலோர ஊர்களில் உப்புக்காற்று நாப்களின் உள்ளே வேலை காட்டியிருக்கும். ஒவ்வொரு நாபையும் முழுசாகத் திருப்பிக் கரகரப்பு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டாலும் பயமில்லை, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேட்டரி மூடியைக் கழற்றி உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே ஸ்பிரிங் அரித்துப் போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.