தீயணைப்புப் பயிற்சிக்கு வெளியாளா, நம் ஆளா?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலையில், மேற்பார்வை வேலை பார்க்கிறேன். சுமார் 110 பேர், பெரும்பாலும் பெண்கள். தீப்பிடித்தால் ஆட்களை வெளியே கொண்டுவர பிரிவுக்கு இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும் என்று முதலாளி சொன்னார். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம்.

தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் வந்து செய்து காட்டுகிறார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் என்பதால் அப்போது கேட்பது வசதி. எரிகிற கேஸ் சிலிண்டர்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்ததை எங்கள் அக்காமார் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் தீயணைப்புக் கருவியைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் நான்கைந்து பேர்தான்.

தனியார் பயிற்சி என்றால் இரண்டு மணி நேரம், திரையில் படம், ஆளுக்கொரு சான்றிதழ். கோப்பில் வைக்கத் தாள் வேண்டுமென்றால் இது எளிது. எங்களுக்கு வந்தவர் கம்ப்யூட்டர் ஆபீஸுக்கான பாடத்தையே நடத்தினார். முந்திரித் தோட்டிலிருந்து ஒழுகிய எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, பவுடரோ மணலோ வேண்டும். எங்களுக்கு முக்கியமான அந்த விஷயம் அதில் வரவே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆள் மாறுவது. சான்றிதழ் வாங்கிய 12 பேரில் 5 பேர் ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டுவிட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் எந்தப் பயிற்சியும் இந்த ஓட்டையை அடைக்காது.

அதனால்தான் நம் ஆளே என்று முடிவு செய்தேன். மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவரும் தோல் உரிக்கும் பிரிவு அக்கா ஒருவரும் நிலையத்தாரிடம் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களே நடத்துகிறார்கள். செலவைக் குறைத்தது ஒரு சின்ன ஏற்பாடு. ரீஃபில் செய்ய வேண்டிய 12 தீயணைப்புச் சிலிண்டர்களையும் ஒரே நாளில் அனுப்பாமல், மும்மூன்றாகப் பிரித்தோம். எப்படியும் காலி செய்யப்போகிற பவுடரைப் பயிற்சியில் அடித்துவிட்டு அனுப்புகிறோம். அந்த இடத்தில் தொங்கவிட உபரியாக மூன்று சிலிண்டர் வாங்கியதுதான் கூடுதல் செலவு.

கையில் பிடித்தால்தான் தப்பு தெரிகிறது. கைப்பிடியைப் பூட்டி வைத்திருக்கும் பின்னை இழுக்காமலே அதை அழுத்தியவர்கள் எத்தனையோ பேர். காற்றுக்கு எதிரே நின்று பவுடரை முகத்தில் வாங்கினார்கள். தீயின் அடிப்பக்கத்தை விட்டுவிட்டு மேலே எழும் சுவாலையில் அடித்தார்கள். ஆறு கிலோ சிலிண்டர் 15, 20 விநாடியில் தீர்ந்துபோவதைப் பார்த்த அக்கா ஒருவர், “இவ்வளவுதானா சாரே?” என்று திகைத்துவிட்டார். அந்தத் திகைப்பு வர வேண்டும். அப்போதுதான் சின்னத் தீயோடு மட்டும் மல்லுக்கு நிற்பார்கள், மற்றதற்கு ஆட்களை வெளியேற்றிவிட்டு 101-க்கு போன் போடுவார்கள்.

முதல் ஒத்திகையில் வாசலுக்கு வந்து எண்ணலாம் என்றால் வருகைப் பதிவேடு உள்ளேயே கிடந்தது. கழிப்பறையை யாரும் பார்க்கவில்லை. இப்போது இரண்டுக்கும் தனித்தனியே ஆள் உண்டு. ஒருவர் லீவு என்றால் மாற்று ஆளின் பெயர் காலையிலேயே பலகையில் ஏறிவிடும்.

எங்களுடையது ஒரே தளம், நான்கு பக்கமும் முற்றம். மாடி வைத்த ஜவுளிக்கடை, லாட்ஜ் போன்ற இடங்களில் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே நிலையத்தாரை முதலில் அழைத்துப் படிக்கட்டையும் கதவுகளையும் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு சொந்தப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது.