மல்டிபிளெக்ஸா, பழைய ஒற்றைத் திரையா: கோவையில் எட்டு மாதம் இரண்டிலும் படம் பார்த்த பிறகு

அப்பாவுக்கு இரண்டு கண்களிலும் புரை நீக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு, அவர் முதலில் கேட்டது தியேட்டருக்குப் போக வேண்டும் என்பதைத்தான். வீட்டிலிருந்து பக்கம், லிஃப்ட் இருக்கிறது என்ற இரண்டு காரணங்களுக்காக வணிக வளாகத்தின் மேல்மாடியில் உள்ள மல்டிபிளெக்ஸுக்கு அவரை அழைத்துச் சென்றேன். படத்தில் பாதிக்கு மேல் இரவில் நடக்கும் கதை. இடைவேளைக்குச் சற்று முன், கிணற்றுமேட்டில் இருவர் நின்று பேசும் ஒரு காட்சியில், அப்பா என் பக்கம் சாய்ந்து, "ஏங் கண்ணு, எனக்கு மட்டுந்தான் இப்படி இருட்டாத் தெரியுதா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. அறுவைச் சிகிச்சை சரியாக அமையவில்லையோ என்று அவர் நினைத்துவிட்டார். உண்மையில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் கண் மருத்துவரிடம் காட்டியதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அப்பாவின் மனம் அப்போதும் சமாதானம் ஆகவில்லை என்பதால், அதே படத்தை நகரின் பழைய பகுதியில் உள்ள ஓர் ஒற்றைத் திரை அரங்கில் மறுபடியும் பார்க்கச் சென்றோம். அதே கிணற்றுமேட்டுக் காட்சியில் நின்றவரின் வேட்டிக் கரை தெரிந்தது, கிணற்றுச் சுவரில் இருந்த பாசி தெரிந்தது, பின்னால் தென்னை ஓலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அப்பா ஒன்றும் பேசவில்லை. என் கையை ஒரு முறை தட்டிவிட்டுப் படத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து எட்டு மாதமாக இந்த இரண்டு அரங்குகளுக்கும் மாறி மாறிச் சென்று, எது நல்லது என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என் ஓட்டு அந்தப் பழைய தியேட்டருக்குத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். கட்டணத்தில் பழைய அரங்குதான் மலிவு. 100 ரூபாய்க்குள் இருக்கும் டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம் என்பதால் அந்த வித்தியாசம் இப்போது இன்னும் கூடியிருக்கிறது. கவுன்ட்டரிலேயே டிக்கெட் கிடைப்பதால் இணைய முன்பதிவுக் கட்டணமும் மிச்சம். தின்பண்டத்தில் ஒப்பீடே தேவையில்லை: ஒரு பக்கம் பாப்கார்ன் வாளி, மறுபக்கம் சமோசாவும் தேநீரும். வெளி உணவைத் தடுக்க அரங்குகளுக்கு உரிமை உண்டு என்றும், ஆனால் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. இரண்டு இடத்திலும் தண்ணீர் கேட்டால் கிடைக்கிறது. இருக்கை, கழிப்பறை, வாகன நிறுத்தம் ஆகிய மூன்றிலும் மல்டிபிளெக்ஸ் தெளிவாக முந்துகிறது. பழைய அரங்கின் பெண்கள் கழிப்பறை முதல் காட்சிக்குச் சுத்தமாக இருக்கும். இரவுக் காட்சியில் அப்படிச் சொல்ல முடியாது. பால்கனிக்கு ஏற 28 படிகள் உண்டு, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்தான். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துச் செல்வோருக்கு இந்த ஒரு காரணமே முடிவைத் தீர்மானித்துவிடலாம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இவையெல்லாம் படத்தைச் சுற்றி இருப்பவை. படம் என்பது ஒரு வெள்ளைத் திரையில் விழும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தை யார் பராமரிக்கிறார்கள், எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதில்தான் நல்ல அரங்கும் சுமாரான அரங்கும் பிரிகின்றன என்பது என் உறுதியான எண்ணம். இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதே இல்லை.

திரையில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்கு அளவு இருக்கிறது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2002இல் அமைத்த டிசிஐ என்ற கூட்டமைப்பு, டிஜிட்டல் திரையிடலுக்காக 2005இல் வெளியிட்ட விதிமுறையில், வெறும் வெள்ளையைக் காட்டும்போது திரையின் நடுவே 14 ஃபுட்லேம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா வெளிச்சம் இருக்க வேண்டும் என்று வகுத்தது. படத்தின் வண்ணத்தையும் வெளிச்சத்தையும் சீரமைக்கும் கலைஞர் தன் அறையில் இந்த அளவை வைத்துத்தான், இரவுக் காட்சியில் வேட்டிக் கரை எவ்வளவு தெரியலாம் என்று முடிவு செய்கிறார். அரங்கில் வெளிச்சம் இதில் பாதியாகக் குறைந்தால் பகல் காட்சிகள் ஒருவாறு தாக்குப்பிடிக்கும்; இரவுக் காட்சிகளோ நிழலோடு நிழலாக ஒட்டிப்போகும். அப்பா பார்த்தது அதைத்தான்.

வெளிச்சம் ஏன் குறைகிறது என்பதை அந்தப் பழைய அரங்கின் ஆபரேட்டர்தான் எனக்குக் காட்டினார். ஒருநாள் இடைவேளையில் நன்றி சொல்லப் போனபோது, "வாங்க அம்மிணி, உள்ளார வந்தே பாருங்க" என்று அறைக்குள் அழைத்தார். புரொஜெக்டருக்குள் எரிவது செனான் வாயு அடைத்த விளக்கு. குளிர்ந்திருக்கும்போதே உள்ளே பல மடங்கு காற்றழுத்தம் இருப்பதால், மாற்றும்போது முகக் கவசமும் தடித்த கையுறையும் அணியாமல் அதைத் தொடக் கூடாது. அது எரிய எரிய மின்முனைகள் தேய்கின்றன, குவார்ட்ஸ் கண்ணாடியின் உட்புறம் கறுக்கிறது, வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்குகிறது. ஒரே நாளில் அணைந்துபோனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வாரக்கணக்கில் சிறிது சிறிதாக மங்குவதால்தான் யாரும் கவனிப்பதில்லை. நாளுக்கு நான்கு காட்சி, காட்சிக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் 12 மணி நேரம். ஆயிரம் மணி நேர ஆயுள் குறித்த விளக்கு மூன்று மாதத்துக்குள் தன் தவணையை முடித்துவிடும். சில பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள அந்த விளக்கை உரிய நாளில் மாற்றுவதா, எரிகிற வரை எரியட்டும் என்று விடுவதா, அல்லது மின்னோட்டத்தைக் குறைத்து ஆயுளை நீட்டுவதா என்பது அரங்கு நடத்துபவரின் மனத்தைப் பொறுத்தது.

அந்த அறையின் சுவரில், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், பழைய நாட்காட்டியின் பின்புறத்தை ஒட்டி அதில் பென்சிலால் தேதிகள் எழுதியிருந்தார். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே விளக்கு எரிந்த மணிக்கணக்கு. எந்த நாளில் விளக்கைத் திருப்பிப் பொருத்தினார், எந்த நாளில் பிரதிபலிப்புக் கண்ணாடியைத் துடைத்தார், அறைக்கும் அரங்குக்கும் நடுவே உள்ள சாளரக் கண்ணாடியின் தூசியை எப்போது எடுத்தார் என்பவை எல்லாம் சிறு குறிகளாக இருந்தன. அந்தச் சாளரக் கண்ணாடியை மட்டும் அன்றாடம் காலையில் துடைப்பதாகச் சொன்னார். அதில் படியும் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு, திரையில் வெள்ளை எழுத்துகளைச் சுற்றிப் புகைபோலப் படர்ந்து தெரியுமாம். நான் அதுவரை எத்தனையோ அரங்குகளில் அந்தப் புகையைப் பார்த்திருக்கிறேன். அது துடைக்காத கண்ணாடி என்று அன்றுதான் அறிந்தேன்.

மல்டிபிளெக்ஸில் இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. அங்கே உள்ள கருவிகள் இன்னும் புதியவை. ஆனால் பல திரைகளுக்கும் காட்சி அட்டவணையைக் கணினியில் ஏற்றிவிட்டால் படம் தானாக ஓடும் என்பதால், ஒரு குறிப்பிட்ட திரைக்குப் பொறுப்பாக ஓர் ஆள் அறையில் உட்கார்ந்திருப்பதில்லை. அன்று படம் இருட்டாக இருக்கிறது என்று வாசலில் நின்ற இளைஞரிடம் நான் சொன்னபோது, அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மேலே சொல்கிறேன் என்றார். படம் முடியும் வரை எதுவும் மாறவில்லை. அவர் மேல் தவறில்லை. அந்த இருட்டுக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். போலராய்டு கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி முறைக்காகச் சில அரங்குகளில் வெள்ளித் திரை மாட்டுகிறார்கள். சாதாரணப் படத்தை அதில் காட்டினால் நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கியும் தெரியும். அன்று ஓரத்து இருக்கையில் உட்கார்ந்த எங்களுக்கு எதிர்ப்பக்க மூலை கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருந்தது. ஓர வெளிச்சம் நடுவின் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது என்பது அளவு.

பழைய அரங்கில் ஒருமுறை வசனம் சரியாகக் கேட்கவில்லை. பால்கனியிலிருந்து ஒருவர் எழுந்து பின்பக்கம் போனார். இரண்டு நிமிடத்தில் ஒலி சரியானது. அரங்கின் ஒலியைக் கட்டுப்படுத்தும் டால்பி கருவியில் ஒலியளவு 7 என்பதுதான் படம் ஒலிக்கலவை செய்யப்பட்ட அளவு. கூட்டம் குறைந்த நாளில் 5க்கு இறக்கிவிடும் பழக்கம் பல அரங்குகளில் உண்டு, யாரோ இறக்கியதை மறுபடி ஏற்ற மறந்திருக்கிறார்கள். தவறு அங்கும் நடக்கிறது. ஆனால் அதைத் திருத்த ஓர் ஆள் பத்துப் படி தூரத்தில் இருக்கிறார். ஒலியில் வேறு விதத்தில் மல்டிபிளெக்ஸுக்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்: சிறிய அறை என்பதால் எதிரொலி இல்லை, மெல்லிய பேச்சு தெளிவாகக் கேட்கிறது. பழைய அரங்கில் கூட்டம் இல்லாத மதியக் காட்சியில் குரல்கள் சுவரில் மோதித் திரும்புகின்றன. நிறைந்த அரங்கில் அது மறைந்துவிடுகிறது.

பழைய அரங்கு என்றாலே நல்ல அரங்கு என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தென்னிந்தியத் திரையரங்கு முன்னோடியான சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டிய ஊர் இது. அந்தச் சாலை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது, பின்னாளில் டிலைட் என்று அழைக்கப்பட்ட அரங்குதான் இயங்கவில்லை. ஒற்றைத் திரைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, எஞ்சியவற்றில் சில மனம் வைத்துப் பணம் போட்டுப் புதுப்பித்துக்கொண்டன, சில நாளைக் கடத்துகின்றன. நான் சென்ற வேறொரு பழைய அரங்கில் திரையின் கீழ்ப் பகுதியில் தண்ணீர்க் கறையே இருந்தது. இரண்டாம் முறை அங்கே போகவில்லை. நான் ஒப்பிடுவது அக்கறையாகப் பராமரிக்கப்படும் ஓர் ஒற்றைத் திரையை. அப்படி ஒன்று உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் மல்டிபிளெக்ஸே மேல்.

லேசர் புரொஜெக்டர் உள்ள பெரிய திரைகளைப் பற்றி என் அனுபவம் இரண்டே படங்கள்தான். இரண்டிலும் வெளிச்சம் மிக நன்றாக இருந்தது. லேசர் ஒளிமூலம் 20,000 மணி நேரத்துக்கு மேல் உழைக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விளக்கு மாற்றும் கவலை அங்கே இல்லை. சில ஆண்டுகள் கழித்து அவை எப்படி இருக்கும் என்பதை அப்போது பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முதல் நாள் முதல் காட்சியின் கொண்டாட்டத்தையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்பாவோடு அந்தக் கூட்டத்துக்குள் நான் போனதில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. படம் தொடங்கும் முன் தணிக்கைச் சான்றிதழைக் காட்டுவார்கள் அல்லவா, அந்தச் சில நொடிகளில் எழுத்தைப் படிக்காமல் தாளின் பின்புலத்தைப் பாருங்கள். நாலு மூலையும் நடுவும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாக இருக்கிறதா, வெளிச்சம் பழுப்பேறி இருக்கிறதா, எழுத்துகளைச் சுற்றிப் புகை தெரிகிறதா என்று கவனித்தால், அந்த அரங்கின் ஆபரேட்டர் அறை எப்படி நடக்கிறது என்பது ஓரளவு புரிந்துவிடும். இரண்டு மூன்று அரங்குகளில் இப்படிப் பார்த்துவிட்டால் உங்கள் கண்ணே அளவுகோலாகிவிடும்.

பகல் வெளிச்சத்தில் எடுத்த குடும்பப் படம், கூட அம்மா வருகிறார் என்றால் இப்போதும் நாங்கள் மல்டிபிளெக்ஸுக்குத்தான் போகிறோம். நடு வரிசையில் நடு இருக்கை கிடைத்தால் மட்டும். மற்ற எல்லாப் படங்களுக்கும் பழைய அரங்கு, மாலைக் காட்சி, பால்கனியில் மூன்றாம் வரிசை. படிகளில் அப்பா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார். சான்றிதழ் திரையில் வரும்போது, நான் கேட்காமலே, "நாலு மூலையும் சரியா இருக்குது கண்ணு" என்கிறார்.