ஜிஆர்பிசிகர்ல்: டெர்மினலிலிருந்தே சர்வீஸைக் கூப்பிட

ஜிஆர்பிசி (ஒரு புரோகிராம் இன்னொன்றின் செயல்பாட்டை நெட்வொர்க் வழியே கூப்பிடும் முறை) சர்வீஸை, டெர்மினலிலிருந்து கோரிக்கை அனுப்பும் சாதாரண கர்ல் கருவி கொண்டு சோதிப்பது பெரும்பாடு. எச்டிடிபி 2 மேல் புரோட்டோபஃப் என்ற வடிவில் பைனரியாகப் போகும் செய்தியைக் கையால் தட்டச்சு செய்ய முடியாது. ஜிஆர்பிசிகர்ல் அந்தக் குறையைத் தீர்க்கிறது: எழுத்தாகவே படிக்கக்கூடிய ஜேசனைக் கொடுத்தால் பைனரியாக மாற்றி அனுப்பி, பதிலை மறுபடி ஜேசனாகத் தருகிறது. கோ மொழியில் எழுதிய, ஒரே கோப்பாக வரும் புரோகிராம். எம்ஐடி உரிமம், காசு கிடையாது.

சர்வரில் ரிஃப்ளெக்‌ஷன் திறந்திருந்தால் வேலை சுலபம்: சர்வரே தன் சர்வீஸ்களின் வரையறையைச் சொல்லிவிடும். 'லிஸ்ட்' சர்வீஸ்களைக் காட்டும், 'டிஸ்கிரைப்' மெத்தடின் வடிவத்தைச் சொல்லும். மெசேஜை டிஸ்கிரைப் செய்யும்போது '-எம்எஸ்ஜி-டெம்ப்ளேட்' சேர்த்தால் நிரப்ப வேண்டிய ஜேசனே வந்துவிடும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. புரொடக்‌ஷனில் ரிஃப்ளெக்‌ஷனை மூடி வைப்பது வழக்கம். அங்கே சர்வீஸை வரையறுக்கும் கோப்பை '-புரோட்டோ'விலும், கோப்புகளைத் தேட வேண்டிய இடத்தை '-இம்போர்ட்-பாத்'திலும் தர வேண்டும், அல்லது முன்பே தொகுத்த புரோட்டோசெட் கோப்பைக் காட்ட வேண்டும். வரையறை சார்ந்திருக்கும் மற்ற கோப்புகளையும் (இம்போர்ட்டுகள்) சேர்த்துத் தொகுக்காவிட்டால் அந்தக் கோப்பு பயன்படாது.

புதியவர்கள் தடுமாறுவது, இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ்ஸில். எதுவும் சொல்லாவிட்டால் கருவி டிஎல்எஸ்ஸில்தான் பேசும். லோக்கல் சர்வருக்கு '-பிளெய்ன்டெக்ஸ்ட்' போட மறந்தால் ஹேண்ட்ஷேக் பிழை வரும். '-இன்செக்யூர்' வேறு: அது டிஎல்எஸ்ஸை நிறுத்தாது, சான்றிதழைச் சரிபார்ப்பதை மட்டும் விட்டுவிடும். ஃப்ளாக்குகள் எல்லாம் முகவரிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் எழுதினால் ஏற்காது.

ஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் '-மேக்ஸ்-டைம்' கட்டாயம் வைக்க வேண்டும். இணைப்புக்கு 10 விநாடி கெடு தானாகவே உண்டு, ஆனால் கூப்பிட்ட பிறகு பதிலுக்குக் கெடு கிடையாது. சர்வர் தொங்கினால் ஸ்கிரிப்டும் தொங்கும். சர்வர் பிழை தந்தால் எக்ஸிட் கோட் (கருவி முடியும்போது தரும் எண்) 64 கூட்டல் ஜிஆர்பிசி ஸ்டேட்டஸ் எண். 68 என்றால் கெடு தாண்டியது, 78 என்றால் சர்வீஸ் கிடைக்கவில்லை, 80 என்றால் அடையாளம் ஏற்கப்படவில்லை. வெறும் 1 வந்தால் பெரும்பாலும் இணைப்போ சர்வீஸின் வரையறையோ கிடைக்கவில்லை. இந்த எண்களை நம்பி மறுமுயற்சி லாஜிக் எழுதலாம். இந்தக் கருவியில் எங்களுக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அடையாள டோக்கனை நேராகக் கட்டளையில் எழுதினால் பிராசஸ் பட்டியலில் தெரியும். '-எக்ஸ்பாண்ட்-ஹெடர்ஸ்' போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் சூழல் மாறியின் பெயரை மட்டும் கொடுங்கள்.

குறைகள்: மதிப்பு 0 ஆன புலங்கள் பதிலில் விடுபடும், '-எமிட்-டிஃபால்ட்ஸ்' தேவை. 64 பிட் முழு எண்கள் மேற்கோளுக்குள் சரமாக வரும். 4 எம்பிக்கு மேற்பட்ட பதிலுக்கு வரம்பை உயர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் புது இணைப்பு திறப்பதால் லோடு டெஸ்டுக்கு இது உதவாது. அதற்கு ஜிஎச்இசட் என்ற கருவியை எடுங்கள். மற்றபடி, ஜிஆர்பிசி வைத்திருக்கும் எந்தக் குழுவின் சிஐ (தானியங்கி சோதனை) இமேஜிலும் இதை நிறுவி வைக்கலாம்.