வீட்டுக்கு வரும் நோய்த்தணிப்புக் குழு: நான்கு மாத அனுபவம்

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. தெல்லிப்பழை கிளினிக்கில் இனி வலிக்குத்தான் மருந்து என்று சொன்ன பிறகு, வட்டக்கச்சியிலுள்ள எங்கள் வீட்டுக்கு நோய்த்தணிப்புக் குழுவிலிருந்து ஒரு மிஸி (தாதி) வரத் தொடங்கினார்.

முதல் நாள் அவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. எங்களை விட்டுவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, "ஐயா, உங்களுக்கு என்ன வருத்தமெண்டு சொல்லியிருக்கினம்?" என்று கேட்டார். நாங்கள் அதுவரை சளிக்கட்டி என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அப்பா சிரித்தார். "இவை சொல்லேல்லை பிள்ளை. ஆனா ஆஸ்பத்திரி போர்ட்டை வாசிச்சனான்தானே."

அதற்குப் பிறகு நடந்த பேச்சுக்காகவே இவர்களைக் கூப்பிடலாம். மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தி மெஷினில் போடுவதா, விழுங்க முடியாமல் போனால் மூக்கால் குழாய் விடுவதா, பேச முடியாமல் கிடந்தால் அவருக்காக யார் பேசுவது என்று தேத்தண்ணீர் குடித்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டார். கனடாவிலிருக்கும் அண்ணா, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி நின்றவர். வாட்ஸ்அப்பில் அவர் கேட்டுக்கொண்டிருக்கவே அப்பா சொன்னார்: "2009 சண்டைக்க புதுமாத்தளனிலயிருந்து மெனிக் பாம் முகாம் மட்டும் ஏத்தி இறக்கினது காணும். இனி என்னை எங்கேயும் ஏத்தாதேங்கோ." தனக்காகப் பேச என்னைப் போட்டார். அண்ணாவுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

மிஸி இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டித் தந்தார். எப்போதும் மாற்றலாம், இதனால் மருந்து நிற்காது என்று இரண்டு தரம் சொன்னார். மோர்பீன் குளிசையை அயலவர்கள் 'கடைசி மருந்து' என்று பயமுறுத்தியிருந்தார்கள். நான்கு மணித்தியாலத்துக்கு ஒன்று, கூடவே மலச்சிக்கலுக்குப் பாணி. இப்போது அப்பா விறாந்தையிலிருந்து பேப்பர் வாசிக்கிறார்.

குறையும் உண்டு. வலி கூடுவது இரவில், இவர்களோ பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தொலைபேசி எடுக்கமாட்டார்கள். ஒரு இரவு மூச்சு முட்டியபோது பயத்தில் நாங்களே அப்பாவை வாகனத்தில் ஏற்றிவிட்டோம். போன இடத்தில் கொப்பியை நீட்டியும் ஒருவரும் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. மெஷினில் போட ஆயத்தமானார்கள், நான் கத்தித்தான் நிறுத்தினேன். வீட்டுக்கு வரும்வரை அப்பா என்னோடு கதைக்கவில்லை.

மிஸி அடுத்து வருவது வியாழக்கிழமை. அப்பாவுக்குத் தாளில் ஏதோ மாற்ற வேண்டுமாம். என்னவென்று எனக்குச் சொல்லமாட்டாராம்.